பெண் பால் பைத்தான் இணைசேரத் தயாராகிவிட்டதா என்பதை எவ்வாறு அறிவது?

சத்துவாச்சாரி மாடிவீடு (கேள்வி, மார்கழி முதல் வாரம்)

அனைவருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஆணும் பெண்ணுமாக இரண்டு பால் பைத்தான்களை (ball python, மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பாம்பு) வளர்த்து வருகிறேன். 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் அயல்நாட்டு விலங்குகளை வளர்ப்பவர்களுக்காக ஒன்றிய அரசு கொண்டுவந்த தன்விருப்ப அறிவிப்புத் திட்டத்தில் இரண்டையும் தெரிவித்திருந்தேன். பின்னர் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்திலும் பதிவு செய்துவிட்டேன். பெண் பாம்பு என்னிடம் வரும்போது சிறு குட்டி. இப்போது நன்கு வளர்ந்துவிட்டது.

சென்ற ஆண்டு நான் ஒரு தவறு செய்தேன். அப்போது பெண்ணின் எடை 1,350 கிராம்தான். மூன்று வயது கடந்துவிட்டால் எந்தப் பெண்ணும் முட்டையிடும் என்று ஒருவர் சொன்னதை நம்பி, கார்த்திகை மாதத்தில் ஆணை அதன் பெட்டிக்குள் விட்டு, பத்து நாள் வரை பிரிக்காமலே இருந்துவிட்டேன். பெண் தன் பதுங்கு கூட்டை விட்டு வெளியே வரவே இல்லை. ஆணை எடுத்த பிறகும் நான்கு மாதம் இரையைத் தொடவில்லை. மாசி முடிவதற்குள் 160 கிராம் இளைத்துவிட்டது. முதுகெலும்பு தோலுக்கு மேல் வரப்புபோலத் துருத்தி நின்றதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் உறுத்தியது. பிறகு அது தேறி வந்தது அதன் உடல்வாகினால்தானே தவிர, என் திறமையினால் அன்று.

இந்த ஆண்டு ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வருகிறேன். ஜூன் மாதம் எடை 1,480 கிராம். ஆகஸ்டு தொடங்கி அக்டோபர் முடியும் வரை, இதற்குமுன் ஒருபோதும் காணாத பசியோடு வாரம் தவறாமல் எலி எடுத்தது; பெட்டியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே தலையை வெளியே நீட்டிக் காத்திருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் எடை 1,790 கிராம். கார்த்திகை தீபத்துக்கு முந்தைய வாரத்திலிருந்து இரையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. முன்பெல்லாம் பெட்டியின் சூடான பக்கத்தில் கிடக்கும்; இப்போது குளிர்ந்த பக்கத்தில் உள்ள தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. இரண்டு முறை, உடலின் பின்பாதியை மட்டும் மல்லாக்கப் புரட்டி, வெள்ளை வயிறு மேலே தெரியப் படுத்திருந்தது. நிறமும் சற்று வெளிறியதுபோல் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் அது என் ஆசையின் தோற்றமா என்று தெரியவில்லை.

மார்கழிப் பனியில் விடியற்காலை அந்த அறை 20 டிகிரி வரை இறங்குகிறது. ஆகவே இரை மறுப்பது இணைசேரும் பருவத்தின் அறிகுறியா, குளிரால் வந்த மந்தமா, அல்லது சென்ற ஆண்டைப் போல ஏதோ ஒரு துன்பத்தின் விளைவா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. உடல் பருத்திருப்பது கொழுப்பா, சினைமுட்டைகளா என்பதும் தெரியவில்லை. ஆணின் எடை 820 கிராம். இன்னும் அதைப் பெண்ணிடம் விடவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.


வாலாஜா பழைய வளர்ப்பாளர்

தம்பி, சென்ற ஆண்டுத் தவற்றை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. அந்தப் பத்து நாளைப் போல நானும் தொடக்கத்தில் செய்திருக்கிறேன், அதனால் உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. உங்கள் நோட்டில் இருப்பதை வைத்தே பெரும்பாலும் பதில் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

நம் வட ஆற்காட்டுப் பக்கம் மாடு வளர்க்காத குடும்பம் குறைவு. மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும், தீவனம் குறையும், மற்ற மாடுகளின் மேல் தாவும், கண்ணாடிபோல் சளி ஒழுகும். காலையில் கண்டால் மாலையில் சினை ஊசி போடவேண்டும், மாலையில் கண்டால் மறுநாள் காலையில் போடவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பாம்பு வளர்க்க வருபவர்கள் அதே எதிர்பார்ப்போடு வந்து, ஒருநாள் தெரியப்போகும் ஓர் அடையாளத்துக்காகக் காத்திருக்கிறார்கள். பாம்பில் அப்படி ஒரு நாள் கிடையாது. அதன் பருவம் மூன்று நான்கு மாதம் நீளும் ஒரு வேலை. சினைப்பையில் பயறு அளவில் கிடக்கும் சினைமுட்டைகள், மஞ்சள்கரு சேரச் சேரப் பருத்து, கடைசியில் நெல்லிக்காய் அளவுக்கு வருகின்றன. வெளியே நாம் காணும் ஒவ்வோர் அறிகுறியும் அந்த வளர்ச்சியின் ஒரு கட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே தனித்தனி அறிகுறிகளைப் பார்க்காமல், அவை எந்த வரிசையில் வந்தன என்பதைப் பாருங்கள்.

உங்கள் பெண்ணிடம் வரிசை ஒழுங்காக இருக்கிறது. முதலில் அடங்காத பசி, அடுத்து எடை ஏற்றம், அதன்பின் குளிர்ந்த பக்கத்தைத் தேடுதல், கிண்ணத்தை அணைத்துக் கிடத்தல், வயிற்றைப் புரட்டுதல், இறுதியாக இரை மறுப்பு. நோயுற்ற பாம்பு மூன்று மாதம் ஆவலோடு தின்று 300 கிராம் ஏறிய பிறகு இரை மறுப்பதில்லை. குளிரால் மந்தமான பாம்போ குளிர்ந்த பக்கம் போகாது. சூட்டின் மேல் ஒட்டிக்கொண்டு நகராமல் கிடக்கும். சூடான இடமும் குளிர்ந்த இடமும் இரண்டுமே பெட்டிக்குள் கிடைக்கும்போது, பாம்பு தானாக எதைத் தேர்ந்தெடுக்கிறது என்பது நமக்குக் கிடைக்கும் சாட்சிகளில் மிக நேர்மையானது. உங்கள் பெட்டியின் சூடான பக்கம் உண்மையிலேயே 31, 32 டிகிரியில் நிற்கிறதா என்று மட்டும் ஒருமுறை சரிபாருங்கள். சூடு தரும் பாய் பழுதாகியிருந்தால் இந்தச் சாட்சிக்குப் பொருளே இல்லாமல் போய்விடும்.

1,500 கிராம் என்று பலரும் சொல்லும் எண் ஒரு கீழெல்லை. அதைத் தொட்டவுடன் பெண் தயார் என்று பொருளல்ல. நன்கு நீண்டு வளராமல், வேகமாகத் தீனி போட்டு இரண்டே ஆண்டில் 1,600 கிராம் ஏற்றிய பெண்ணை விட, நான்கு ஆண்டில் நிதானமாக 1,500 வந்த பெண்ணை நான் நம்புவேன். முட்டையிட்டு முடித்தவுடன் தாய் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கும். அந்த இழப்பைத் தாங்கும் உடல் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காட்டில் இவை ஆண்டுதோறும் முட்டையிடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இடுவதே வழக்கம். ஆகவே ஒரு பெண் இந்த ஆண்டு வேண்டாம் என்றால், அதை ஏற்றுக்கொள்வதில் நமக்கு நட்டம் ஏதுமில்லை.

கொழுப்பா சினைமுட்டையா என்று கேட்டீர்கள். கொழுத்த பெண்ணுக்கு வாலின் அடிப்பகுதி தடித்து, தலையை அடுத்த கழுத்து மறைந்து, உடலை வளைக்கும்போது பக்கவாட்டில் மடிப்பு விழும். சினைமுட்டை வளரும் பெண்ணுக்கு வால் மெலிந்தே இருக்கும். நடு உடலுக்குக் கீழே, கழிவாய்க்கு முன்னால் உள்ள பாகம் மட்டும் கனத்து, செதில்களுக்கு இடையே உள்ள தோல் லேசாகத் தெரியும். கையால் உணர வேண்டுமானால், இரை எடுத்துக் குறைந்தது பத்து நாள் ஆன பிறகு, பாம்பை உங்கள் உள்ளங்கையில் ஊரவிட்டு, கட்டைவிரலை வயிற்றின் அடியில் அசையாமல் வைத்திருங்கள். நீங்கள் அழுத்தக் கூடாது. பாம்பு தன் எடையோடு விரலின் மேல் கடந்து போகட்டும். சினைமுட்டைகள் இருந்தால், பையில் போட்ட கோலிக்குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விரலைத் தாண்டிப் போவதைப் போல உணர்வீர்கள். கழிவாய்க்கு மிக அருகில் ஒரே ஒரு கட்டி கெட்டியாகத் தட்டுப்பட்டால், அது பெரும்பாலும் வெளியேறாத கழிவுதான். முதல் முறை எனக்கு எதுவும் தெரியவில்லை. மூன்றாவது முறைதான் விரலுக்குப் புரிந்தது. தெரியவில்லை என்பதற்காக அழுத்திப் பார்க்கவே வேண்டாம், சினைமுட்டை உடைந்தால் வயிற்றுக்குள் அழற்சி கண்டு பாம்பு இறந்தே போகலாம்.

ஆணை விடுவதைப் பற்றி: மாலையில் விட்டு, இரண்டு நாள் கழித்து எடுத்துவிடுங்கள், அதன்பின் ஒரு வாரமாவது ஓய்வு கொடுங்கள். பெண் தயாராக இருந்தால் அதை ஆண் நம்மைவிட முன்பே அறிந்துகொள்ளும். உள்ளே விட்ட சில நிமிடங்களில் நாக்கை வேகமாக நீட்டி நீட்டிப் பெண்ணின் முதுகோடு முகவாயை வைத்து ஊரும், கழிவாயின் இருபுறமும் உள்ள சிறு முள்ளால் பெண்ணின் பக்கத்தைச் சுரண்டும். பெண் நகராமல் வாலைச் சற்றே தூக்கிக் கொடுத்தால் வேறு சான்று தேவையில்லை. பெண் உடலைச் சுருட்டித் தலையை உள்ளே மறைத்துக்கொண்டாலோ, வாலைச் சாட்டைபோல் வீசினாலோ, அன்றைக்கு ஆணை எடுத்துவிடுங்கள். சென்ற ஆண்டு அது பதுங்கு கூட்டை விட்டு வராமல் இருந்ததும் இதே பதில்தான். அதைக் கேட்க நமக்கு அப்போது தெரியவில்லை.

இன்னொன்று. பெண் சட்டை உரித்த இரண்டு மூன்று நாளுக்குள் ஆணை விட்டால் அதன் ஆர்வம் தெளிவாகக் கூடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். உங்கள் நோட்டில் சட்டை உரித்த தேதிகள் இல்லை, அவற்றையும் எழுதுங்கள்.


குடியாத்தம் பாம்பு மீட்பவர்

பால் பைத்தானைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஊருக்குள் வரும் நம் நாட்டுப் பாம்புகளை வனத்துறைக்குத் தகவல் சொல்லி மீட்பதே என் பணி. என்றாலும், இதைப் படிக்கும் புதியவர்களுக்காக ஒன்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

பிணையல் என்று நம் ஊர்களில் சொல்வார்கள். இரண்டு பாம்புகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு, உடலின் முன்பாதியை ஆளுயரத்தில் பாதிக்குத் தூக்கி நிற்கும். அதன்மேல் வெள்ளைத் துணியைப் போட்டு எடுத்து வைத்தால் செல்வம் சேரும் என்று நம்புகிறவர்கள் இன்றும் பாலாற்றங்கரை ஊர்களில் இருக்கிறார்கள். சாரை ஆண், நல்லபாம்பு பெண், இரண்டும் கூடுகின்றன என்று வேறு சொல்வார்கள். அவை இரண்டும் வெவ்வேறு இனங்கள், ஒன்றோடொன்று இணைவதில்லை. நாம் காணும் அந்த முறுக்கு, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் ஒன்றையொன்று தரையில் அமுக்கப் பார்க்கும் பலப்பரீட்சை. உண்மையான இணைசேர்க்கை தரையோடு தரையாக, வால்கள் மட்டும் பின்னி, அசைவின்றி மணிக்கணக்கில் நீளும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் ஒருவர் கைப்பேசிக் காணொளி ஒன்றை அனுப்பி, தன் வீட்டில் வளரும் இரண்டு பாம்புகள் அழகாக முறுக்கிக்கொண்டு இணைகின்றன என்று மகிழ்ந்து எழுதியிருந்தார். பார்த்தால் இரண்டும் ஆண். பெண் என்று சொல்லி வாங்கியதைச் சோதித்துப் பார்க்காமலே இரண்டு ஆண்டு காத்திருந்திருக்கிறார். பாலினத்தைத் தெரிந்தவர் ஒருவரிடம் உறுதிசெய்துகொள்வது இந்த விவாதம் முழுவதற்கும் முதற்படி. நாட்டுப் பாம்பு எதையும் வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும், மலைப்பாம்பையும் பால் பைத்தானையும் ஒன்றாக எண்ணிக்கொள்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.


காட்பாடி கால்நடை மருத்துவர்

வாலாஜா ஐயா வரிசையைப் பார்க்கச் சொன்னது மிகச் சரி. அந்த வரிசை ஏன் அப்படி அமைகிறது என்பதைச் சற்று விளக்கினால், மற்ற இனங்களை வளர்ப்பவர்களுக்கும் பயன்படும்.

பெண்ணின் சினைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கத் தொடங்கியதும் கல்லீரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தைச் செய்து இரத்தத்தில் விடுகிறது. சினைமுட்டைகள் அதை உறிஞ்சிப் பருக்கின்றன. அப்போது இரத்தத்தில் கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் உயர்ந்திருப்பது இயல்பு. இதற்கான மூலப்பொருள் அன்றன்றைய தீனியிலிருந்து மட்டும் வருவதில்லை, உடலில் முன்பே சேமித்த கொழுப்பிலிருந்தும் வருகிறது. பிரான்சில் வாழும் ஒருவகை விரியனில், உடலின் கொழுப்புச் சேமிப்பு ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய பெண்களே அந்த ஆண்டு கருவுறும் வேலையைத் தொடங்குகின்றன என்று 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த எல்லை பெண்ணின் உடல் நீளத்தை ஒட்டி அமைவது, வயதை ஒட்டி அல்ல. உங்கள் பாம்பு சென்ற ஆண்டு 1,350 கிராமில் மறுத்ததையும், இந்த ஆண்டு பசியோடு சேமித்ததையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் இரண்டும் ஒரே கதையின் இரு பாகங்களாகத் தெரியும்.

ஆண் எப்படி நமக்கு முன்பே அறிகிறது என்பதற்கும் விடை உண்டு. கனடாவின் மனிடோபாவில் ஆயிரக்கணக்கில் கூடும் கார்ட்டர் பாம்புகளை ஆராய்ந்த ராபர்ட் மேசனும் அவருடைய குழுவினரும், பெண்ணின் தோலில் உள்ள மெத்தில் கீட்டோன் என்னும் கொழுப்புப் பொருள்களே ஆணை ஈர்க்கின்றன என்று 1989இல் கண்டறிந்தார்கள். பின்னாளில், ஆண் பாம்புகளுக்கே ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது அவற்றின் தோலும் அதே மணப்பொருளைச் செய்தது. மற்ற ஆண்கள் அவற்றைப் பெண் என்று எண்ணிச் சுற்றின. சினைப்பையில் நடப்பது தோலில் எழுதப்படுகிறது, ஆண் அதைத் தன் நாக்கால் எடுத்து மேலண்ணத்தில் உள்ள உறுப்பில் படித்துக்கொள்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம். பால் பைத்தானில் இதே வேதிப்பொருள்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆணின் நாக்கசைவை ஒரு பரிசோதனைக் கருவியாக மதிக்க வேண்டும் என்பதற்கு இது போதும். சட்டை உரித்த பின் ஆர்வம் கூடுவதாக ஐயா கண்டதும் இதனோடு ஒத்துப்போகிறது.

இனி உங்கள் பாம்புக்கு வருவோம். இரை மறுக்கும் பாம்பைப் பருவம் என்று தீர்மானிக்கும் முன் சிலவற்றை விலக்க வேண்டும். வாயோரத்தில் நுரை அல்லது சளி, மூச்சு விடும்போது விசில்போன்ற ஒலி, தலையை மேல்நோக்கித் தூக்கியே வைத்திருத்தல் ஆகியவை மூச்சுக்குழாய்த் தொற்றின் அடையாளங்கள். மார்கழியில் என்னிடம் வரும் பாம்புகளில் இதைத்தான் மிகுதியாகக் காண்கிறேன். தண்ணீர்க் கிண்ணத்திலேயே நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் செதில்களுக்கு இடையே உண்ணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பது கிண்ணத்தைச் சுற்றிக் கிடப்பது. மூழ்கிக் கிடப்பது அல்ல. இந்த வேறுபாடு பெரிது.

இரவு வெப்பம் பற்றி உங்களிடம் வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பாம்பின் தாயகம் கானா, டோகோ, பெனின் போன்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகள். வட அமெரிக்கக் கார்ன் பாம்புக்கு மாதக்கணக்கில் 10 முதல் 13 டிகிரிக் குளிர்காலம் கொடுப்பதைப் படித்துவிட்டு, இதையும் குளிரில் போடுபவர்கள் இருக்கிறார்கள், அது தீங்கானது. இரவில் 24, 25 டிகிரிக்கு மெல்ல இறங்கினாலே இதன் உடல் பருவ மாற்றத்தை உணரும். குளிர்நாட்டில் இருப்பவர்கள் இந்த இறக்கத்தை உண்டாக்க முயல வேண்டும். வேலூர் மாடி அறையில் நாம் அந்த இறக்கத்தைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அறை 20 டிகிரிக்குப் போனாலும் பெட்டிக்குள் 24க்குக் கீழே இறங்காதபடி தெர்மோஸ்டாட்டை வையுங்கள். மின்தடைக்கு ஓர் ஏற்பாடும் இருக்கட்டும்.

சந்தேகம் தீர வழி ஸ்கேன்தான். நாய், ஆடுகளுக்குப் பயன்படுத்தும் அதே கருவி போதும். மயக்க மருந்து வேண்டாம், இருவர் பிடித்துக்கொண்டால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். சினைமுட்டைகள் 10 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் பெண் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. 20ஐத் தாண்டினால் ஆணை விடலாம். 35, 40ஐ நெருங்கினால் சினைமுட்டைகள் வெளிப்படும் நாள் அருகில் இருக்கிறது. அதுவரை அவை உருண்டையாக இருக்கும். வெளிப்பட்டு முட்டைக் குழாயில் இறங்கிய பிறகு நீள்வட்டமாகிவிடும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: 25 மில்லிமீட்டர் வரை வளர்ந்த சினைமுட்டைகளும்கூட, ஆண் சேராமலோ வேறு காரணத்தாலோ மீண்டும் சுருங்கி உடலிலேயே கரைந்துபோகலாம். அப்போது பெண் ஒன்றும் நடவாததுபோல் இரை எடுக்கத் தொடங்கும். அது நோயும் அல்ல, தோல்வியும் அல்ல.


வாலாஜா பழைய வளர்ப்பாளர்

டாக்டர் அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சினைமுட்டைகள் வெளிப்படும் நாளை மட்டும் தவறவிடாதீர்கள், தம்பி. உடலின் நடுப்பகுதி, தின்னாமலே பெரிய எலி ஒன்றை விழுங்கியதுபோல் திடீரென்று வீங்கி, பெரும்பாலும் ஒரே நாளில் வடிந்துவிடும். பலர் அதை இரவில் தவறவிட்டுவிட்டுப் பின்னர் தேதி தெரியாமல் தவிக்கிறார்கள். அன்றிலிருந்து இரண்டு மூன்று வாரத்தில் பெண் ஒருமுறை சட்டை உரிக்கும். அந்தச் சட்டையிலிருந்து ஏறக்குறைய 30 நாளில் முட்டை வரும். முட்டை பொரிய 55 முதல் 60 நாள்.

நம் ஊரில் இந்தக் கணக்குக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மாசியில் சினைமுட்டை வெளிப்பட்டால், பங்குனி கடைசியில் முட்டை, அங்கிருந்து வைகாசி வரை அடைகாப்பு. அதாவது சித்திரை வெயிலும் கத்திரி முழுவதும் முட்டைகள் இன்குபேட்டருக்குள் இருக்கும். முட்டைக்கு வேண்டியது 31, 32 டிகிரி. நாம் வாங்கும் இன்குபேட்டர்கள் சூடாக்க மட்டுமே தெரிந்தவை, குளிர்விக்கத் தெரியாதவை; மே மாதத்தில் மாடி அறை 37, 38 டிகிரிக்குப் போகும்போது அந்தப் பெட்டியும் கூடவே போகும். நன்றாக வளர்ந்துகொண்டிருந்த ஆறு முட்டைகளை நான் ஒரே வாரத்தில் இழந்தது இப்படித்தான். வெட்டிப் பார்த்தபோது குட்டிகள் நிறம் பிடித்து முழுமையாக இருந்தன. அதை இன்றும் மறக்க முடியவில்லை. பெண் தயாரா என்று பார்ப்பதோடு, மே மாதத்துக்கு உங்கள் அறை தயாரா என்பதையும் இப்போதே பார்த்துவிட்டு ஆணை விடுங்கள்.


சத்துவாச்சாரி மாடிவீடு (மாசி முதல் வாரம்)

உங்கள் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. அன்று முதல் நடந்தவற்றை எழுதுகிறேன்.

முதலில் பெட்டிக்குள் தெர்மோமீட்டரை வைத்துப் பார்த்தேன். சூடான பக்கம் சரியாகவே 32 டிகிரியில் இருந்தது. ஆனால் இரவில் குளிர்ந்த பக்கம் 21 வரை இறங்கியிருந்தது எனக்கு அதுவரை தெரியாது. பெட்டியை வெளிச்சுவரிலிருந்து உள்சுவருக்கு மாற்றி, பின்புறம் தெர்மக்கோல் ஒட்டி, தெர்மோஸ்டாட்டை மாற்றி வைத்த பிறகு 24க்குக் கீழே இறங்கவில்லை. அதன்பின்னும் பெண் குளிர்ந்த பக்கத்திலேயே கிடந்தபோதுதான் என் சந்தேகம் பாதி தீர்ந்தது.

ஜனவரி முதல் வாரத்தில் ஸ்கேன் எடுத்தோம். திரையில் கறுப்பும் சாம்பலுமாக வட்டங்கள் வரிசையாகத் தெரிந்தன. அளந்தவற்றில் பெரியது 26 மில்லிமீட்டர், சிறியது 23. அன்று மாலையே ஆணை விட்டேன். ஐயா எழுதியபடியே அதன் நாக்கு நிற்கவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் பெண்ணின் முதுகில் முகவாயை வைத்து மெல்ல மெல்ல ஏறியது. பெண் நகரவில்லை. சென்ற ஆண்டு பத்து நாளில் நான் காணாததை அந்த ஐந்து நிமிடத்தில் கண்டேன். இரண்டு நாளில் ஆணை எடுத்துவிட்டு, ஒன்பது நாள் ஓய்வு கொடுத்து, காணும் பொங்கலன்று மீண்டும் விட்டேன். மறுநாள் விடியற்காலையில் வால்கள் பின்னிக் கிடந்தன, பிற்பகல் வரை பிரியவில்லை. தை மாதத்தில் மேலும் ஒருமுறை விட்டேன்.

நேற்று காலை ஐந்தரை மணிக்கு விளக்கைப் போட்டபோது பெண் பதுங்கு கூட்டுக்கு வெளியே நீளமாகக் கிடந்தது. நடு உடல் ஒருசாண் நீளத்துக்குப் பருத்து, செதில்கள் விலகி, இடையில் வெண்ணிறத் தோல் கோடு கோடாகத் தெரிந்தது. கடைசியாக அது இரை எடுத்து இரண்டரை மாதம் ஆகிறது என்பதால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது. நான் தொடவில்லை. மாலைக்குள் வீக்கம் பாதி வடிந்திருந்தது. இன்று காலை பார்த்தபோது, மூன்று மாதத்தில் முதல் முறையாகச் சூடான பக்கத்தில் கிடந்தது.

ஐயாவின் கணக்கை நோட்டில் போட்டுப் பார்த்தேன். மார்ச் முதல் வாரத்தில் சட்டை, ஏப்ரல் தொடக்கத்தில் முட்டை, மே கடைசியில் குட்டி. இன்குபேட்டரை மாடியில் வைக்கப்போவதில்லை. கீழே ஏசி உள்ள அறையில் ஒரு மூலையை என் அம்மா ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார். வெறும் இன்குபேட்டரை இன்றே அங்கே வைத்து ஓடவிட்டு, 24 மணி நேர வெப்பத்தை எழுதத் தொடங்கியிருக்கிறேன். குட்டிகள் பொரிந்தால் பரிவேஷில் பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று இந்த வாரமே வன அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்கிறேன். சட்டை உரித்த அன்று மீண்டும் எழுதுகிறேன்.